வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒரு டப்பா குறையும்

போன வெள்ளிக்கிழமை, வேலையை விட்டதால் அலமாரிச் சாவியை உங்களிடம் கொடுக்க வந்தபோது நீங்கள் இருவரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "ஆன்ட்டி, கிச்சன்லருந்து போற டப்பாவுக்கும் வெப்சைட் பக்கத்துல வர்ற டப்பா எண்ணிக்கைக்கும் எப்பவும் ஒண்ணு இடிக்குதே, ஏன்?" நான் சிரித்துவிட்டு பஸ் வந்துவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பஸ் எதுவும் வரவில்லை. நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். பக்கம் தயாரிக்கும் அந்தக் கம்ப்யூட்டர் நோட்டில் "ஒன்று குறையும். அழிக்க வேண்டாம். ஆன்ட்டியைக் கேட்கவும்" என்று தமிழில் ஒரு வரி இருக்கிறது. அதை அழித்துவிடாதீர்கள். அழித்தால், ஒரு டப்பா வீணாகப் போகிறது என்று நினைத்து ஒன்றைக் குறைத்துச் சமைக்கச் சொல்வீர்கள். ஒருவருக்கு மத்தியானச் சாப்பாடு நின்றுவிடும்.

நான் இங்கே காய் நறுக்க வந்தவள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்தில், அப்போது இதைவிடச் சின்ன சமையல்கட்டு. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புவோம். முதல் நாள் போன டப்பா மறுநாள் திரும்பி வரும். கழுவுவதற்கு முன்னால் திறந்து, எது மிச்சம், எவ்வளவு மிச்சம் என்று எழுதும் வேலையை மேனேஜர் எனக்குக் கொடுத்தார். ஆறாவது வரைதான் படிப்பு என்று சொன்னேன். "சோறு மிச்சம் இருக்கா இல்லையான்னு பாக்க எதுக்கு டிகிரி லா?" என்றார். அப்படித்தான் நான் காலி டப்பா பார்க்கிறவள் ஆனேன்.

அந்தக் குறிப்புகளை வைத்துக் கணக்குப் பார்க்க பவித்ரா வந்தார். திருச்சிக்காரப் பெண், சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர். ஒரு கம்பெனியில் இதே மாதிரி கணக்கு வேலை. குடியிருப்பது செங்காங். சனிக்கிழமை தோறும் ரயில் பிடித்து வந்து இங்கே சம்பளம் இல்லாமல் வேலை செய்வார். நீங்கள் இப்போது வைத்திருக்கும் நோட்டை ஆரம்பித்தவர் அவர்தான். பெட்டி பெட்டியாக இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் நோட்டு உங்களுக்குத் தெரியும். மேலே கேள்வி எழுதினால் கீழேயே விடை வந்து நிற்கும். எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது.

ஒரு நாள் அவர், "ஆன்ட்டி, இந்தம்மாவுக்கு உப்புமான்னா உயிர். டப்பா எப்பவும் காலியாத்தான் வருது" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். படத்தில் உப்புமாவுக்கு நேரே நீளமாகப் பச்சைக் கோடு. அடுத்த வாரம் டிரைவருக்கு உதவியாக அந்தம்மா குடியிருக்கும் அடுக்குமாடி ப்ளாக்குக்கு நானே போனேன். அந்தம்மா கீழே சிமெண்ட் மேசையில் உட்கார்ந்து உப்புமாவைப் புறாக்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "உங்க உப்புமா இதுங்களுக்குப் பிடிக்குது, எனக்குப் பிடிக்கல" என்றார். திரும்பி வந்து சொன்னேன். பவித்ரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பட்டியலில் இன்னொரு கட்டம் போட்டார். "இனிமே காலி, மிச்சம்னு மட்டும் எழுதாதீங்க ஆன்ட்டி. உங்களுக்குத் தெரிஞ்சத எல்லாம் இங்க எழுதுங்க" என்றார்.

எழுதினேன். போனில் தமிழில் தட்டக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொருவருக்கும் நேரே ஒரு வரி: ரசம் இருந்தால் சாப்பிடுவார். பல் இல்லை, குழைய வேண்டும். சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார். மனைவி போன பிறகு இனிப்பைத் தொடுவதில்லை. டிரைவர் வந்து சொல்வதையும், நான் போனபோது பார்த்ததையும் எழுதினேன். வாயால் சொல்லத் தயங்குவதைக் கட்டத்தில் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதைப் பவித்ராவும் நானும் தவிர யாரும் படிக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

அந்தப் பட்டியலில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் பெயர், ப்ளாக் எதையும் எழுத மாட்டேன். முப்பது வருடம் தைப்பூசத்துக்கு டோபி காட் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போட்ட கூட்டத்தில் முன்னால் நின்றவர். காவடி எடுத்து வருகிறவர்களுக்கு மோரும், கூட வருகிறவர்களுக்குச் சோறும் கொடுத்த கை. இப்போது வாடகை வீட்டில் ஒற்றை அறை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், வேளைக்குச் சாப்பிட வேண்டும். எங்களிடம் சாப்பாடு வாங்குவது பழைய ஆட்கள் யாருக்கும் தெரியாது. டிரைவரிடம் கிச்சன் பெயர் போட்ட சட்டையை மாற்றிவிட்டு வா என்று சொல்வாராம். அவருக்கு நேரே நான் எழுதியது இது: "கேட்க வெட்கப்படுவார். இன்னொரு டப்பா கொடுத்தாலும் வாங்கமாட்டார். மகன் வருவதில்லை."

அதுவரை பக்கம் தயாரிப்பது பவித்ராவின் கைவேலை. நோட்டிலிருந்து படங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, நாலு வரி எழுதி, வலைப்பதிவில் ஏற்றுவார். சனிக்கிழமை பாதி அதிலேயே போகும். பணம் கொடுப்பவர்களும், சமைக்க வருகிறவர்களும், இதே வேலை செய்யும் மற்ற சமையல்கட்டுக்காரர்களும் அதைப் படிப்பார்கள். பிறகு அவருக்கு ஆபீசில் வேலை கூடியது. எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி செய்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நோட்டு தானே ஓடும், தானே பக்கமாக மாறும், தானே வலைப்பதிவில் ஏறும், வாட்ஸ்அப் குழுவுக்குத் தானே செய்தி போகும். மேனேஜருக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை பவித்ரா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வர, வெள்ளோட்டம் பார்த்தார்கள். பக்கத்தை வெளியே விடாமல் பவித்ராவின் போனில் மட்டும் கொண்டுவந்து, தேநீர் குடிக்கும்போது எங்களுக்குக் காட்டினார். மேனேஜர் விரலால் சர்ரென்று தள்ளிப் படங்களுக்குப் போய்விட்டார். "கலர் நல்லா வந்திருக்கு லா!" போன் என் கைக்கு வந்தபோது நான் மெதுவாக மேலிருந்து பார்த்தேன். தலைப்புக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல். ஐந்து வரி. ஐந்து பெயர், ஐந்து ப்ளாக், கடைசிக் கட்டத்தில் என் எழுத்து. மூன்றாவது வரி அந்தப் பெரியவர்.

பார்த்தேன். இது இங்கே இருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது உள்ளே இருப்பவர்கள் பார்க்கும் பிரதி, வெளியே போகும்போது அது இருக்காது, இவ்வளவு படித்த பெண்ணுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "நல்லா இருக்கும்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஐந்து வரி எப்படி வந்தது என்று பிற்பாடு பவித்ரா சொன்னார். சரியான பட்டியல்தான் திறந்திருக்கிறதா என்று பார்க்க, நோட்டின் முதல் பெட்டியில் முதல் ஐந்து வரியைக் காட்டச் சொல்வது இந்த வேலை செய்கிறவர்கள் வழக்கமாம். மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்ப்போமே, அது மாதிரி. கையால் செய்தபோது அவர் படங்களை மட்டும் எடுத்ததால் அது நோட்டிலேயே தங்கிவிட்டது. தானாக நடந்தபோது நோட்டு முழுவதும் பக்கமாகிவிட்டது. கேள்விகளை மறைக்கச் சொல்லியிருந்தார். விடைகளை மறைக்கச் சொல்லவில்லை. அந்த ஐந்து வரியை வாராவாரம் பார்த்துப் பார்த்து அவர் கண் அதைத் தாண்டிப் போகப் பழகியிருந்தது. புதிதாகப் பார்த்தது நான் ஒருத்திதான்.

அடுத்த வெள்ளி, நாலு மணி. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். போனில் குழுச் செய்தி வந்த மணி அடித்தது. கையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து வரியும் அப்படியே இருந்தது.

மேனேஜர் அறைக்கு ஓடினேன். நான் அப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. "முதல்ல என்ன ஆச்சுன்னு விசாரிப்போம். அவசரப்பட்டு எடுத்துட்டா டோனர்ஸ் என்ன ஏதுன்னு கேப்பாங்க" என்றார். பவித்ராவைக் கூப்பிட்டோம். ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து பேசினார்.

"ஐயோ ஆன்ட்டி! இருங்க, அந்தப் பெட்டிய எடுத்துட்டு மறுபடி ஓட விடறேன். பத்து நிமிஷத்துல சரியான பக்கம் வந்துடும்."

"பத்து நிமிஷம் அந்தப் பெரியவர் பேரு அங்கயே இருக்குமா?"

"அது... இருக்கும்."

"பக்கத்த எடுக்க எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷம். ஆனா மொத்த சைட்டும் போயிடும், பழைய பக்கம் எல்லாம்."

"போவட்டும். முதல்ல எடும்மா. சரிபண்றத அப்புறம் பாத்துக்கலாம்."

மேனேஜர் முன்னால் அவரைக் கேட்காமல் நான் ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு போன் பக்கம் குனிந்து, "அவங்க சொல்றத செய்யிமா" என்றார்.

வலைப்பதிவு வெள்ளையாகிப் போனது. குழுவில் போன செய்தியையும் அழித்தோம். பழைய பிரதி தங்கும் இடங்களையெல்லாம் பவித்ரா தேடித் தேடி அழித்தார். ஆனால் பக்கம் வெளியே இருந்த இருபது நிமிடமே போதுமாக இருந்தது. யாரோ ஒருவர் படம் பிடித்து இன்னொரு குழுவில் போட்டிருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, "இவங்களுக்கு உதவுவோம்" என்று எழுதித்தான் போட்டார். அது தண்ணீர்ப் பந்தல் ஆட்களின் குழுவுக்கும் போயிற்று. அன்றைக்கே ஒருவர் பெரியவருக்குப் போன் செய்து, "அண்ணே, சொல்லியிருந்தா நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்று அழுதாராம்.

மற்ற நான்கு பேர் வீட்டுக்கும் நானும் மேனேஜரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். ஒரு பாட்டி எங்களையே தேற்றினார். ஒருவர் கோபமாகக் கத்திவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டார். பெரியவர் மட்டும் கதவைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை டிரைவர் டப்பாவை அப்படியே கொண்டுவந்தார். "உள்ள ரேடியோ கேக்குது ஆன்ட்டி. கூப்பிட்டா நிறுத்திடறாரு." செவ்வாயும் அப்படியே. மேனேஜர் அழகான தாளில் மன்னிப்புக் கடிதம் அடித்து அனுப்பினார். புதன்கிழமை அந்தக் கடிதம் கம்பிக் கதவில் தொங்கிய பையில், பிரித்துப் படித்து மறுபடி மடித்தபடி திரும்பி வந்தது. திறக்காத மூன்று டப்பாவுக்கும் நேரே நான் "முழுதும் மிச்சம்" என்று எழுதினேன். கை எழுதியதே தவிர மனம் அதில் இல்லை. மாத்திரை போடுகிற மனுஷன் மூன்று நாளாக என்ன சாப்பிடுகிறார்? கீழ்வீட்டு அம்மாவிடம் விசாரிக்க டிரைவரிடம் சொன்னேன். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் என்று தகவல் வந்தது.

வியாழக்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு நானே போனேன். லிஃப்டில் ஏறும்போது என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்தேன். அவர் கதவைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

"யாரு?" உள்ளிருந்து சத்தம்.

"கிச்சன்லருந்து வரேங்க. காலி டப்பா பாக்குறவ."

"இங்க காலி டப்பா எதுவும் இல்ல. போங்க."

"அந்த வரி நான் எழுதினதுங்க."

ரேடியோ நின்றது. "எந்த வரி?"

"மகன் வருவதில்லைன்னு."

மரக்கதவு திறந்தது. கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றார். நன்றாகச் சவரம் செய்து, சட்டை போட்டிருந்தார்.

"வர்றதில்லதான். பொய் ஒண்ணும் இல்ல. அத ஊருக்கே சொல்லணுமா?"

"கூடாதுங்க. அது மட்டும் இல்ல. அதுக்கு முந்தின வாரமே நான் அத பாத்தேன். அப்ப வெளிய போவல. சொல்லியிருந்தா நின்னுருக்கும். நான் வாயத் திறக்கல."

"ஏன்?"

"படிச்சவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கதைய உங்க மேனேஜர் கடிதத்துல எழுதல."

"அவருக்கே இன்னும் தெரியாதுங்க. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷம் பந்தல்ல நின்னேன். மோர் கேட்டவன் பேர ஒரு நாள் கேட்டதில்ல. நீட்டுன கைல ஊத்தினோம், அவ்ளோதான். உங்களுக்கு மட்டும் எதுக்கு லா இத்தன பேரு, இத்தன கட்டம்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. யாருக்கு எது பிடிக்கும் என்று பார்க்க, யார் பட்டினி என்று பார்க்க. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் புறாக்களுக்கு இன்னும் உப்புமா போய்க்கொண்டிருக்கும். ஆனால் அப்போது அதைச் சொல்லத் தோன்றவில்லை. "உங்க பேரு பட்டியல்ல வேணாங்க. நான் கொண்டாறேன். எழுதாம" என்றேன்.

"நீயேவா?"

"நானேங்க."

"வேற யாரும் வரக்கூடாது."

"வர மாட்டாங்க."

பூட்டில் சாவியைப் போட்டார். திருப்பவில்லை. "இன்னொரு தடவ அந்த மாதிரி எதையாவது பாத்தா சொல்லுவியா?"

"சொல்லுவேங்க."

சாவி திரும்பியது. டப்பாவை வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் காலி டப்பாவுக்குக் காத்திருப்பது போல நான் நின்றதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கி வா, கழுவி வைக்கிறேன்" என்றார்.

அன்று மாலையே நான் முன்னமே பார்த்ததை மேனேஜரிடம் சொன்னேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "நானும்தான் போன்ல பாத்தேன். கலர பாத்தேன்" என்றார்.

பவித்ரா வலைப்பதிவை மறுபடி கட்டினார். முதல் பெட்டியில் ஐந்து வரி காட்டும் வழக்கம் போயிற்று. பெயரும் என் குறிப்புக் கட்டமும் அந்த நோட்டுக்குப் போகாதபடி பட்டியலையே இரண்டாகப் பிரித்தார். இனி எல்லாம் தானாக நடக்கும், ஆனால் கடைசியில் பக்கம் காத்து நிற்கும், ஒரு ஆள் மேலிருந்து கீழ்வரை படித்து "போகலாம்" என்று அழுத்தினால்தான் வெளியே போகும் என்றார்.

"ஆட்டோமேட்டிக்னு சொல்லிட்டு மறுபடியும் ஆள் உக்காரணுமா லா?" என்றார் மேனேஜர்.

"நாலு நிமிஷம்தான் சார். அந்த ஆளு நானா இருக்கக் கூடாது. எனக்குக் கண்ணு பழகிடுச்சு." என்னைப் பார்த்தார். "ஆன்ட்டி பாக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

திரும்ப ஆரம்பித்த முதல் வெள்ளிக்கிழமை பக்கம் வரவே இல்லை. சமைத்த டப்பாவும் பட்டியலில் உள்ள டப்பாவும் ஒத்துப்போகாவிட்டால் நின்றுவிடும்படி பவித்ரா செய்திருந்தார். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுது ஆன்ட்டி, யாரையோ விட்டுட்டீங்க" என்றார். விடவில்லை என்றேன். ஏன் என்று முழுவதும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "சரி, ஒண்ணு குறையலாம்னு எழுதிடறேன்" என்றார். இப்போது நீங்கள் பார்க்கும் வரி அதுதான். பக்கத்தின் அடியிலும், சமைத்ததில் ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். படிப்பவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்று பவித்ரா போட்டது.

அந்தப் பொத்தானைப் பல வருடம் அழுத்தினேன். எத்தனையோ வாரம் ஒன்றுமே இருக்காது. ஒரு வாரம் ப்ளாக் வாரியாகப் படம் வந்தது. பெயரே இல்லை, அழகாக இருந்தது. ஆனால் ஒரு ப்ளாக்குக்கு நேரே "1" என்று இருந்தது. அந்த ப்ளாக்கில் எங்கள் டப்பா வாங்குவது ஒரே ஒரு அம்மாதான். பெயர் எதற்கு? அக்கம்பக்கம் யாருக்கும் தெரியும். அழுத்தாமல் பவித்ராவைக் கூப்பிட்டேன். அவர் அப்போது ஆபீசில் மீட்டிங்கில் இருந்தார். "ஐயோ ஆன்ட்டி, தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னார். சொல்வதற்கு முன்னால் பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. கூச்சம் போய்விடும் என்று காத்திருந்தால் போகாது. கூச்சத்தோடேயே சொல்ல வேண்டியதுதான்.

இப்போது பவித்ரா வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். நோட்டு உங்களில் ஒருவர் கையில், பொத்தான் இன்னொருவர் கையில். நான் வேலையை விட்டாலும் பெரியவருக்கு டப்பா நான்தான் கொண்டுபோகிறேன். ஆனால் முழங்கால் முன்போல் இல்லை. போன வாரம் லிஃப்ட் வேலை செய்யாமல் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் மேலே போனேன். சோறு ஆறிவிட்டது. அவர் முதலில் என்னை உட்கார வைத்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்றைக்குத்தான் கேட்டேன், எனக்குப் பதில் இன்னொருவர் வரலாமா என்று. "நோட்டுல எழுதுறவங்களா?" என்றார். ஆமாம், அதனால்தான் முதலில் உங்களைக் கேட்கிறேன் என்றேன். "கூட்டிட்டு வா, பாப்போம்" என்றார். இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்றும் கேட்டேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். அது இங்கே இல்லை.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு வாருங்கள், உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கிச்சன் பெயர் போட்ட சட்டை வேண்டாம். அவர் கம்பிக் கதவுக்குப் பின்னால் நிற்பார். சாவியைப் பூட்டில் போட்டுவிட்டு, திருப்பாமல், பார்த்தால் சொல்வாயா என்று என்னிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்பார். நான் பக்கத்தில் நிற்பேன். உங்களுக்காகப் பேச மாட்டேன்.